அகலக்கால் வைத்த ஜப்பான்: ஒரு கணக்குப் பாடம்

(இயந்திரவியல் பிரிவு, இரண்டாம் ஆண்டு)



"அகலக்கால் வைக்காதே" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். கடை வைப்பவனுக்கும் கடன் வாங்குபவனுக்கும் சொல்கிற புத்திமதி இது. நாடுகளுக்கும் இது பொருந்தும். மயில் தோகை எவ்வளவு லேசானது! அதையும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்ற கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அச்சின் தாங்குதிறன் பற்றி வகுப்பில் படிக்கிற நமக்கு இது எளிதாகப் புரியும். இரண்டாம் உலகப் போரில் இந்தக் கணக்கு தெரியாமல் முறிந்துபோன ஒரு வண்டியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த வண்டியின் சக்கரத்தில் நம் தமிழர்கள் எத்தனையோ பேர் நசுங்கினார்கள். அதனால் இது நம்ம கதையும்தான்.

யார் இந்த டோஜோ?

சர்வாதிகாரி என்றதும் எல்லோருக்கும் ஹிட்லர், முசோலினி ஞாபகம்தான் வரும். ஆசியாவில் அந்த வரிசையில் சொல்லப்படுபவர் ஜப்பானின் ராணுவத் தளபதி ஹிடெகி டோஜோ. 1941 அக்டோபரில் பிரதமரானார். ராணுவ மந்திரி பதவியையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். 1944 பிப்ரவரியில் தரைப்படைத் தலைமைத் தளபதி பதவியையும் சேர்த்துக்கொண்டார். ஆனால் ஹிட்லரைப் போல அவர் தனி ஆள் இல்லை. மேலே பேரரசர் ஹிரோஹிட்டோ இருந்தார். சுற்றிலும் அவரைப் போலவே நினைக்கிற தளபதிகள் இருந்தார்கள். "நம்மால் முடியாது" என்று சொல்கிறவன் கோழை என்று நினைக்கிற கூட்டம் அது. ஒரு ஆள் மட்டும் தப்புக்கணக்குப் போட்டால் பக்கத்தில் இருப்பவன் திருத்தலாம். எல்லோரும் சேர்ந்து போட்டால் யார் திருத்துவது?

எண்ணெய்க்காக ஒரு போர்

ஜப்பான் 1931-ல் மஞ்சூரியாவைப் பிடித்தது. 1937-ல் சீனா முழுவதையும் பிடிக்கக் கிளம்பியது. சீனா பெரிய நாடு. நகரங்களைப் பிடிக்க முடிந்தது, போரை முடிக்க முடியவில்லை. 1941-ல் பிரெஞ்சு இந்தோசீனாவின் தென்பகுதியிலும் ஜப்பான் நுழைந்தவுடன் அமெரிக்கா எண்ணெய் விற்பதை நிறுத்திவிட்டது. ஜப்பான் வாங்கிய எண்ணெயில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்! கையிருப்பு அதிகம் போனால் இரண்டு ஆண்டு தாங்கும்.

இப்போது இரண்டே வழி. சீனாவிலிருந்து வெளியேறிச் சமாதானம் பேசலாம். அல்லது எண்ணெய்க் கிணறு உள்ள டச்சு இந்தியத் தீவுகளை, அதாவது இன்றைய இந்தோனேசியாவை, அடித்துப் பிடுங்கலாம். டோஜோ அரசு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. ஒரு போரை முடிக்க முடியாதவர்கள் அதற்குச் செலவு கட்ட இன்னொரு போரைத் தொடங்கினார்கள். வட்டி கட்ட மறுபடியும் வட்டிக்கு வாங்குவது போலத்தான்! அமெரிக்காவின் எஃகு உற்பத்தி அன்று ஜப்பானைவிடப் பத்து மடங்கு. எஃகு என்றால் கப்பல், விமானம், பீரங்கி எல்லாம்தான்.

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத் தாக்குதல். அதே சமயம் மலாயாவில் கோத்தா பாருவில் தரையிறக்கம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 5-ல் கொழும்பிலும் 9-ல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. இடையில் 6-ஆம் தேதி விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னையில் ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடினார்கள்; அரசு அலுவலகங்களே உள்ளூர்களுக்கு மாறின.

ஆறே மாதத்தில் இவ்வளவு வெற்றி! ஆனால் கொழும்புக்கு வந்த விமானந்தாங்கிக் கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் இரண்டே மாதத்தில், 1942 ஜூனில், மிட்வே போரில் மூழ்கின. அவற்றோடு காகா என்ற நான்காவது கப்பலும் போனது. பிடித்த நாடு நிறைய. பாதுகாக்கக் கப்பல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து டோக்கியோவுக்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல். எண்ணெய்க் கிணறு கைக்கு வந்தும் எண்ணெய் ஊர் போய்ச் சேரவில்லை. நடுக்கடலில் அமெரிக்க நீர்மூழ்கிகள் காத்திருந்தன.

பர்மாவும் நம்மூரும்

ராயவரம், கடியாபட்டி என்று நம் திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு ஊர்களில் உள்ள பெரிய வீடுகளின் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பர்மாத் தேக்கு. அந்தக் காலத்தில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் சுமார் கால்பங்கு நகரத்தார் கைக்கு வந்திருந்தது. அவர்களுக்குப் பின்னால் கணக்கப்பிள்ளைகளும் சமையல்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் போனார்கள்.

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் முதல் குண்டு விழுந்தது. காசு உள்ளவர்களுக்குக் கப்பல் கிடைத்தது. மற்றவர்கள் அரக்கான் வழியாகவும், தமு வழியாக மணிப்பூருக்கும், ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தார்கள். பர்மாவை விட்டு வெளியேறிய இந்தியர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே பல்லாயிரம் பேர் செத்தார்கள். ஆண்டுகொண்டிருந்த வெள்ளைக்காரனும் இவர்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ரங்கூன் அரிசி வராமல் போனது நம் நாட்டுச் சந்தையையும் உலுக்கியது. 1943 வங்காளப் பஞ்சத்துக்கு இது ஒரு காரணம்.

சயாம் மரண ரயில்

பர்மாவில் உள்ள ஜப்பான் படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்ப முடியவில்லை. ஆகவே தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். மீட்டர் கேஜ் பாதை. ஒரு காலத்தில் நம் திருமயம் வழியாக ஓடிய ரயிலின் அதே அளவு. அந்த மலைக்காட்டில் பாதை போடுவதைப் பற்றி ஆங்கிலேயர்கள் முன்பே ஆராய்ந்து, கஷ்டம் என்று விட்டுவிட்டார்கள்.

1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. எப்படி முடிந்தது? இயந்திரம் அதிகம் கிடையாது. பாறையில் உளியை ஒருவன் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிக்க, துளை போட்டு வெடி வைத்தார்கள். மண்ணைக் கூடையில் சுமந்தார்கள். இன்றும் நிற்கிற குவாய் ஆற்று இரும்புப் பாலத்துக்கு ஜாவாவிலிருந்து கர்டர்களைப் பிரித்துக் கொண்டுவந்தார்கள். 1943 தொடக்கத்தில் மேலிடம் கெடுவை இன்னும் குறைத்தது. அந்த நேரம் பார்த்து மழையும் காலராவும் வந்தன.

சுமார் 60,000 போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இது உலகத்துக்குத் தெரியும், சினிமாவே வந்திருக்கிறது. ஆனால் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள் என்று ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். அவர்களில் சுமார் 90,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். முதலில் நல்ல கூலி, சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள். ஆள் வராதபோது பிடித்துக்கொண்டே போனார்கள்.

கைதிகளுக்குள் டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். செத்தவன் பெயரை ரகசியமாகவாவது எழுதி வைத்தார்கள். இன்று காஞ்சனபுரி மயானத்தில் சுமார் 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்த் தொழிலாளிக்கு டாக்டரும் இல்லை, பெயர் எழுதி வைக்க ஆளும் இல்லை. பலரைக் குவியலாகப் புதைத்தார்கள். அதனால்தான் அவர்கள் கணக்கு இன்றும் "சுமார்" என்றே இருக்கிறது. என் வீட்டில் எழுதப் படிக்கப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, இந்த "சுமார்" என்ற வார்த்தையை என்னால் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியவில்லை.

இம்பால்: மாடு சுமந்த போர்

பாதை முடிந்ததும் ஆசை வளர்ந்தது. 1944 ஜனவரியில் இந்தியாவுக்குள் நுழைய டோக்கியோ அனுமதி கொடுத்தது. தளபதி முட்டாகுச்சி மூன்று டிவிஷன்களோடு மார்ச்சில் கிளம்பினார். சுமார் 85,000 பேர். கையில் மூன்று வாரத்துக்குச் சாப்பாடு. "இம்பாலில் ஆங்கிலேயரின் கிடங்கைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்பதுதான் திட்டம். சாமான் சுமக்க மாடுகளை ஓட்டிப் போனார்கள். சுமந்து முடித்ததும் அதையே அடித்துச் சாப்பிடலாமாம்!

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ அரிசி என்று வைத்துக்கொண்டால்:

85,000 × 0.75 = 63,750 கிலோ. அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 64 டன்.

ஒரு மாடு மலையில் 50 கிலோ சுமக்கும் என்றால், ஒரு நாள் அரிசிக்கு மட்டும் 1,275 மாடு.

போர் நடந்ததோ நான்கு மாதம். மூன்று வாரம் போக மீதி நூறு நாள். 6,400 டன் அரிசிக்கு எங்கே போவது?

இதில் துப்பாக்கிக் குண்டும் மருந்தும் சேரவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் இது! சிந்துவின் ஆற்றைக் கடக்கும்போதே நிறைய மாடுகள் போய்விட்டன. எதிர்ப்பக்கத்தில் இம்பாலுக்கு விமானத்தில் சாமான் வந்து இறங்கியது. கோஹிமாவில் இருந்த தளபதி சாட்டோ, "சாப்பாடு வரவில்லை" என்று மேலிடத்து உத்தரவை மீறிப் படையைப் பின்வாங்கினார். மூன்று டிவிஷன் தளபதிகளும் பதவியிலிருந்து தூக்கப்பட்டார்கள். போட்ட கணக்கு தப்பு என்று மட்டும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜூலையில் போர் நிறுத்தப்பட்டபோது சுமார் 30,000 ஜப்பானியர் இறந்திருந்தார்கள். அவர்களில் பலரைக் கொன்றது பசியும் நோயும்தான். 1942-ல் நம்மவர்கள் செத்து விழுந்த தமு வழியிலேயே 1944-ல் அவர்களும் விழுந்தார்கள்.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் அந்தப் போரில் இருந்தது. அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். நாட்டு விடுதலைக்காக அவர்கள் போனார்கள். நாடு பிடிக்கிற ஆசை அவர்களுக்கு இல்லை. ஆனால் சாப்பாடு அனுப்ப வேண்டியவன் போட்ட தப்புக்கணக்கில் அவர்களும் இலையைத் தின்று நடந்தார்கள்.

1944 ஜூலையில் சைபான் தீவும் போனது. டோஜோ பதவி விலகினார். போருக்குப் பின் விசாரணை நடந்து 1948 டிசம்பர் 23-ல் தூக்கிலிடப்பட்டார். ரங்கூனில் முதல் குண்டு விழுந்து சரியாக ஏழு ஆண்டு.

ஹிட்லரும் இதே கணக்குதான்

1941 ஜூன் 22-ல் ஹிட்லர் சுமார் 30 லட்சம் படையினரோடு ரஷ்யாவுக்குள் போனார். குளிர்காலத்துக்கு முன் முடிந்துவிடும் என்று நம்பினார். ரஷ்ய ரயில் பாதையின் அகலம் ஜெர்மன் பாதையைவிட அதிகம். தன் ரயிலை விட வேண்டுமானால் தண்டவாளத்தையே மாற்றிப் போட வேண்டும். படை முன்னே ஓடியது, சாப்பாடும் எண்ணெயும் பின்னே நின்றன. 1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடில் சரணடைந்தார்கள்.

நாம் கற்றுக்கொள்வது என்ன?

1. பிடிப்பது வேறு, வைத்துக் காப்பது வேறு. முதலாவதற்கு வேகம் போதும். இரண்டாவதற்குத் தினமும் சோறு, எண்ணெய், பாதை வேண்டும்.

2. "முடியாது" என்று கணக்கோடு சொல்கிறவனை வெளியே தள்ளுகிற இடத்தில் தப்பு வளர்ந்துகொண்டே போகும்.

3. மேலே இருப்பவன் வைக்கிற அகலக்காலின் பாரம் கீழே இருப்பவன் முதுகில்தான் இறங்கும்.

சயாம் பாதைக்கு அளவெடுத்தவர்களும் வரைபடம் போட்டவர்களும் நம்மைப் போல் தொழில்நுட்பம் படித்தவர்கள்தான். எத்தனை டன் போகும், எத்தனை நாளாகும் என்று கணக்குப் போட்டவர்கள், எத்தனை பேர் சாவார்கள் என்ற கணக்கையும் மேலிடத்தின் முன்னால் வைத்திருக்க வேண்டும். நாளைக்கு நாமும் சூப்பர்வைசராகவோ ஜூனியர் இன்ஜினியராகவோ ஒரு சைட்டில் நிற்போம். "நாளைக்குள் முடி" என்று மேலிடத்திலிருந்து போன் வரும். சாரத்தில் ஏறி நிற்பவன் நம் சித்தப்பா, மாமன் மாதிரி ஒரு ஆளாக இருப்பான். அன்றைக்கு நமக்குத் தெரிந்த கணக்கை வாய் திறந்து சொல்ல வேண்டும். மஸ்டர் ரோலில் அவன் பெயரை முழுசாக எழுத வேண்டும்.