சிறுநீரகத்தில் ஓர் ஏற்றம்

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது என் பாட்டியின் கால்கள் முழங்கால்வரை வீங்கியிருக்கக் கண்டேன். இதயத் தளர்ச்சியால் வந்த வீக்கம் அது. நீரை வெளியேற்ற டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையைப் பாட்டி தாமாகவே நிறுத்தியிருந்தார். ஊறுகாயை மட்டும் நிறுத்தவில்லை. "ஏண்டா, டாக்டருக்குப் படிக்கிறியே, ஒடம்புல தண்ணி சேந்தா உப்பைக் கொறைக்கச் சொல்றாங்க. தண்ணிக்கும் உப்புக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டார். இதே பாடத்தைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஆயினும் அவருக்குப் புரியும்படி தமிழில் நான்கு வாக்கியம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இதயம் செலுத்தும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் வழியே பாய்கிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்குழல்கள் உள்ளன. அவற்றின் முகப்பில் குருதி வடிகட்டப்படுகிறது. நாளொன்றுக்கு வடிவது சுமார் 180 லிட்டர். அதில் கரைந்துள்ள சோடியம் ஏறத்தாழ 1.5 கிலோ சமையல் உப்புக்குச் சமம். சிறுநீராக வெளியேறுவதோ சுமார் 1.5 லிட்டர் நீரும் சில கிராம் உப்பும்தான். எஞ்சியவை யாவும் குருதிக்கே திரும்புகின்றன. இவ்வாறு மீட்பதிலேயே சிறுநீரகத்தின் பேருழைப்பு செலவாகிறது.

இந்த உழைப்பைச் செய்வது எது? அதன் அடையாளம் முதன்முதலில் நண்டின் காலில் கிடைத்தது என்றால் நண்பர்கள் வியப்படையக்கூடும்.

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் ஸ்கௌ என்ற மருத்துவர் இருந்தார். மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் நரம்பில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை ஆராய்ந்து வந்தவர், அவ்வழியே உயிரணுச் சவ்வின் ஆராய்ச்சிக்கு வந்தார். நண்டுக்கால் நரம்புகளை அரைத்து, சவ்வுத் துணுக்குகளைப் பிரித்தெடுத்தார். ஏ.டி.பி. என்பது உயிரணுவின் ஆற்றல் நாணயம். அதை உடைக்கும் நொதி ஒன்று அத்துணுக்குகளில் இருந்தது. மக்னீசியத்துடன் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருந்தபோதுதான் அந்நொதி முழு வேகத்துடன் இயங்கியது. இதை 1957-இல் அவர் வெளியிட்டார். சோடியம் கடத்தலைத் தடுக்கும் ஊவாபைன் என்னும் நஞ்சு இந்நொதியையும் தடுப்பது அடுத்து உறுதியாயிற்று. சோடியத்தை இறைக்கும் பொறி அதுவே எனத் தெளிந்தது. 1997-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி ஸ்கௌவுக்குக் கிடைத்தது.

இப்பொறியை நம் ஊர் ஏற்றத்துக்கு ஒப்பிடலாம். ஒவ்வொரு முறையும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே இறைத்து, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே விடுகிறது. அதற்குக் கூலி ஓர் ஏ.டி.பி. நுண்குழல் உயிரணுக்களில் இந்த ஏற்றம் குருதியை நோக்கிய பக்கத்தில் உள்ளது. அது ஓயாமல் இறைப்பதால் உயிரணுவுக்குள் சோடியம் குறைகிறது. உடனே மறுபக்கத்து வாயில்கள் வழியே குழலிலுள்ள சோடியம் உள்ளே நுழைகிறது. குளுக்கோசும் அதன் துணையால் மீள்கிறது. உப்பு சென்ற வழியே நீரும் செல்கிறது. 2007-இல் இதே நொதியின் வடிவத்தை ஆர்ஹூஸ் ஆராய்ச்சியாளர்கள் படிகமாக்கிக் கண்டனர். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது பன்றியின் சிறுநீரகம்!

இனிப் பாட்டியின் மாத்திரைக்கு வருவோம். அதன் பெயர் ஃபுரோசமைடு. அது ஏற்றத்தைத் தொடுவதில்லை. குழலின் ஒரு பகுதியில் சோடியம் நுழையும் வாயிலை அடைக்கிறது. மீளாத உப்பு சிறுநீரில் போகிறது. நீரும் உடன் போகிறது. பொட்டாசியமும் சிறிது போவதால்தான் டாக்டர் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். ஒருபுறம் மாத்திரை உப்பை வெளியேற்ற, மறுபுறம் ஊறுகாய் அதை நிரப்பினால் வீக்கம் எப்படி வடியும்?

இதைத் தொலைபேசியில் பாட்டிக்கு விளக்கினேன். "உப்பு இருக்கிற இடத்துலதான் தண்ணி நிக்கும்னு சொல்லேன், அதுக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்றார். நான் தேடிய நான்கு வாக்கியத்தை ஒன்றாகவே சுருக்கிவிட்டார். டாக்டரிடம் மீண்டும் சென்று, மாத்திரையையும் தொடங்கிவிட்டார். ஊறுகாய் ஜாடி மட்டும் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறதாம்.