பேர் போடாத நேரம்

எங்கள் பக்கத்தில் ஓய்வு நேரத்தைப் பங்கு போட்டுத் தருவது மழைதான். இலங்கை மலையகத்தின் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா மலைகளில் தென்மேல் பருவக்காற்று நேராக வந்து மோதும். மே கடைசியில் பிடித்தால் செப்டெம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். பிறகு கொஞ்ச நாள் இடியோடு பின்னேர மழை. தை பிறந்தால்தான் காலை வெயிலை நம்பலாம். அதனால் மழைக்கு நாவல், மூட்டத்துக்குக் கரம் பலகை, தை மாசிக்குக் காட்டு நடை என்று என் வீட்டில் ஒரு பழக்கம் தானாகவே அமைந்துவிட்டது. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, இப்போது தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிறவள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார்.

நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று இருந்தால் ஒருநாளும் மிஞ்சாது. ஞாயிறு என்றால் பீலியில் துணி, காட்டில் விறகு, டவுனில் சாமான் என்று விடிந்ததும் தெரியாது, பொழுது போனதும் தெரியாது. ஆகவே பௌர்ணமி விடுமுறையான போயா நாளின் பின்னேரம் என்னுடையது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் முகம் சுளித்தார்கள். பழகியபின் அந்த நேரத்தில் தேத்தண்ணிகூட எனக்கு ஊற்றித் தந்துவிடுகிறார்கள்.

காதல் நாவல் வாசிக்கிறேன் என்று சொல்ல ஆசிரியர் அறையில் பலருக்குக் கூச்சம். பைக்குள் ரமணிசந்திரன் இருப்பார், அதை மூடிக்கொண்டு மேலே கல்வி உளவியல் நூல் இருக்கும். எனக்கு அந்த வெட்கம் விட்டுப் போய்விட்டது. 150க்கு மேல் நாவல் எழுதி, தலைமுறை தலைமுறையாகப் பெண்களைப் புத்தகம் பிடிக்க வைத்தவரை ஏன் ஒளிக்க வேண்டும்? ஹட்டன் கடையிலிருந்து ஒரு பிரதி வந்தால் அது எங்கள் லயத்தில் எட்டுக் காம்பராவும் சுற்றி, அட்டை கழன்று, கறிச்சட்டிக் கறையோடுதான் திரும்பும். அப்படித் திரும்பும் புத்தகத்தை நான் மரியாதையாகத்தான் பார்ப்பேன்.

ஆனால் தனியாக வாசிப்பதைவிடச் சத்தமாக வாசித்துப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. அடைமழை இரவில், ஈர விறகு காயும் அடுப்படியில், எழுத்து வாசனை அதிகமில்லாத அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும் உட்கார்ந்து கேட்பார்கள். அப்போதுதான் கதையின் பலமும் பலவீனமும் தெரியும். நாயகன் ஏதோ ஒன்றைத் தப்பாக விளங்கிக்கொண்டு நூறு பக்கம் பேசாமல் இருப்பான் அல்லவா? அத்தைக்கு அது பொறுக்காது. “ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்ல? இதுக்கு இம்புட்டு நாளா?” என்பார். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கசாயம் வைக்கிற இடம் எங்கள் லயம். இங்கே ஒரு மனத்தாங்கல் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. நாயகன் வீட்டுப் பங்களா வருணனை வந்தபோது அக்கா கேட்டது இன்னும் சுருக்கென்று இருந்தது: “அவ்வளவு பெரிய பங்களாவை யாரு புள்ள கூட்டுறது?” துரை பங்களாவில் பல வருடம் வேலை செய்தவர் அவர். அன்றிலிருந்து எந்தக் காதல் கதையிலும் வேலைக்காரியாக வருபவள் எத்தனை வரி பேசுகிறாள் என்று கவனிக்கத் தொடங்கினேன். ஒன்று தெளிவாயிற்று: காதல் நாவலைக் கேள்வி கேட்டுக்கொண்டே ரசிக்க முடியும். கேள்வி கேட்டதால் அடுத்த நாள் கதை கேட்க யாரும் வராமல் இருந்ததில்லை.

ஒரே சுவையில் நின்றுவிடாமலும் இருக்க வேண்டும். ரமணிசந்திரனுக்குப் பிறகு லக்ஷ்மியை எடுங்கள். மருத்துவர், தென்னாப்பிரிக்காவில் பல காலம் வாழ்ந்தவர், 1984ல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர். அவருடைய பெண்கள் காதலிக்கும்போதும் கணக்குப் பார்ப்பார்கள், அது எனக்குப் பிடிக்கும். பிறகு நம் நாட்டுக் கதைகளுக்கு வாருங்கள். 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, அந்த வெற்றிடத்தில் வீரகேசரி பிரசுரமாக உள்ளூர் நாவல்கள் வரிசையாக வெளிவந்தன. 1973ல் வந்த பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ வன்னிக் காட்டோரத்துக் காதல். விரும்பியவனோடு நாயகி பதஞ்சலி சேர்ந்த பிறகுதான் அங்கே கதை கனக்கத் தொடங்கும். கலியாணத்தோடு ‘சுபம்’ போடும் கதைகளையே கேட்டுப் பழகிய எங்கள் அடுப்படி, அந்த நாவலுக்கு இரண்டு நாள் சண்டை பிடித்தது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ம் அதே ஆண்டுதான், பிறகு அது படமாகவும் வந்தது. இந்தப் பழைய நூல்களைத் தேடி அலைய வேண்டாம். 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற மின்னூலகத்தில் ஈழத்து, மலையக நூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, கைப்பேசியிலேயே வாசிக்கலாம். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று இறக்கி வைத்துக்கொண்டால் மழையிலும் கவலையில்லை.

சங்கப் புலவர்கள் மலைக்குத்தான் காதலை ஒதுக்கினார்கள்: குறிஞ்சித் திணை, கூதிர் காலம், நள்ளிரவு. 10க்கு 12 அடிக் காம்பராவில் ஏழு பேர் படுக்கும் லயத்தை அவர்கள் பார்த்ததில்லை. இங்கே காதலர்களுக்குத் தனிமை கிடைப்பது நாவலுக்குள் மட்டும்தான். அதனால்தான் அது இப்படி ஓடுகிறதோ என்னவோ.

மழை விட்டு மூட்டம் இறங்கும் நாட்களுக்குக் கரம். மலைநாட்டுக் கரத்துக்கு எதிரி ஈரம். கொழும்பில் வழுக்கிக்கொண்டு ஓடும் பலகை இங்கே ஜூலையில் சேற்றில் வண்டி இழுப்பதுபோல் இழுக்கும். பலகையைப் படுக்க வைக்காமல், அடுப்படிச் சுவரில், நெருப்புக்கு ஒரு பாகம் தள்ளிச் சாய்த்து வையுங்கள். மிகக் கிட்ட வைத்தால் பலகை வளைந்துவிடும், பிறகு எல்லாக் காயும் ஒரே மூலைக்குப் போகும். ஆட முன்னர் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, போரிக் பவுடர் ஒரு சிட்டிகை மட்டும். கூட்டிப் போட்டால் காய் நிற்காமல் சறுக்கும், சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைத்தால் அது நஞ்சு. காய்களை மூடியுள்ள டின்னில் போட்டு வைக்கலாம். கனத்த ஸ்ட்ரைக்கர் வாங்கிப் பெருமைப்படாதீர்கள். போட்டி விதியிலேயே 15 கிராமுக்கு மேல் கூடாது. வெளிச்சத்துக்குப் பல்பைப் பலகைக்கு நேர் மேலே தாழக் கட்டுங்கள். பக்கத்தில் இருந்து விழும் நிழலில் ஓட்டை எங்கே, காய் எங்கே என்று கண் ஏமாறும்.

வாசிகசாலைப் பலகை பொதுவாக இளந்தாரிகள் கையில் இருக்கும், பெண் பிள்ளைகள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்காகத்தான் எங்கள் இஸ்தோப்பில் ஒரு பலகை வைத்தேன். 2012ல் கொழும்பில் நடந்த உலகக் கரம் போட்டியில் ஒற்றையர் பட்டத்தை வென்றவர் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ. அது பையன்களுக்குத் தெரிந்த பேர். 2024ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய சென்னை காசிமா, ஓட்டோ ஓட்டுநரின் மகள் என்று சொன்ன பிறகு எங்கள் இஸ்தோப்பில் பிள்ளைகளுக்கு இடம் போதாமல் போனது. இரண்டே சட்டம் வைத்திருக்கிறேன்: காசு கிடையாது, சிவப்பைப் போட்டவர் கூடவே இன்னொரு காயும் போட்டுக் காட்டாவிட்டால் சிவப்பு நடுவுக்குத் திரும்பும், அதில் அழுகை கிடையாது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் போனபோது கரம் ஆட வழியில்லை. அப்போது கைகொடுத்தது 304 என்ற கார்ட் விளையாட்டு. மெழுகுதிரி ஒன்று போதும். நாலு பேர், எதிர் எதிரே இருப்பவர் கூட்டு. ஏழுக்குக் கீழே உள்ள கார்ட்டை ஒதுக்கினால் 32 மிஞ்சும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு நிறத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. ராணியைவிட ஒன்பது பெரியது என்பதைப் புதிதாக ஆடுகிறவர்களின் மனது ஏற்றுக்கொள்ள ஒரு கிழமை பிடிக்கும். கூட்டாளி தப்பான கார்ட் போட்டால் முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் இதில் கடினமான பாடம். புருஷன் பெண்சாதியை ஒரே கூட்டில் போடாதீர்கள் என்பேன்.

இனி நடை. அம்மாவைக் காட்டுப் பக்கம் நடக்கக் கூப்பிட்டபோது, “பேர் போடாத நடைக்கு யாரு புள்ள வருவா?” என்றார். நியாயமான கேள்விதான். விடியப் பிரட்டுக் களத்துக்குப் போய், கூடை கட்டி, ஏற்றமும் கானும் தாண்டி நாளெல்லாம் மலையில் நிற்கிறவருக்கு நடை என்பது வேலை. வேலைக்கு வந்ததாகப் பேர் விழுந்தால்தான் சம்பளம். கெஞ்சிக் கூத்தாடித்தான் நுவரெலியா கல்வேஸ் லேண்ட் வனத்துக்குக் கூட்டிப் போனேன். 30 ஹெக்டேயருக்கும் குறைந்த சின்னக் காடு, 1938ல் சரணாலயமாகி 2006ல் தேசியப் பூங்காவானது. டவுனுக்குப் பக்கம், ஏற்றம் குறைவு. முதல் நடைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

போகும் வழியில் தேயிலை ஓரமாக நடந்தோம். பேச்சு என்னோடுதான், ஆனால் அம்மாவின் வலக்கை தானாக நீண்டு அரும்பும் இரண்டிலையும் கிள்ளிக்கொண்டே வந்தது. கை நிறைந்ததும் பின்னால் கூடைக்குப் போட முதுகுப் பக்கம் தூக்கினார். கூடை இல்லை. சிரித்துவிட்டுக் கொழுந்தைப் பாதையில் கொட்டினார். காட்டுக்குள் நுழைந்ததும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். கொழுந்து எடுக்கிறவருக்குப் பார்வை இடுப்பளவில்தான் பழகியிருக்கும். அண்ணாந்து பாருங்கள் என்று இரண்டு மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. பாசி தொங்கும் கிளைகளில் மஞ்சள் காதுச் சின்னான் ஒன்று வந்து உட்கார்ந்தது, இலங்கையில் மட்டும் உள்ள குருவி. அதே டவுனின் விக்டோரியா பூங்காவில் பனிக்காலத்தில் ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈபிடிப்பானும் வரும். கடல் தாண்டி வந்து, குளிர் முடியத் திரும்பிப் போகும். 1948ன் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய பிறகு எங்கள் பாட்டன்மாருக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இப்போது அம்மாவே கேட்கிறார், ஆனால் போயாவில் வேண்டாமாம், கூட்டமாம். சனிக்கிழமை அரை நாள் வேலை செய்து அரைப் பேரோடு வந்துவிடுகிறேன் என்கிறார்.

காட்டில் கடிக்கும் அட்டைக்கு நாங்கள் செய்வது: காற்சட்டையைச் சொக்ஸுக்குள் செருகி, சொக்ஸின் மேல் சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்ப்பது. கடித்துவிட்டால் இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் மெல்லத் தள்ளுங்கள். அட்டை ஆளைக் கொல்லாது, பயப்பட வேண்டியது குளவிக்கு. டர்பன்டைன் மரங்களிலும் பாறை இடுக்கிலும் கூடு இருக்கும், கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் போகாத தோட்டமே இல்லை. சென்ட் பூசாமல், சத்தம் போடாமல் போங்கள், பிள்ளைகள் கல்லெறிய விடாதீர்கள். சிறுத்தை இருக்கும் தோட்டமென்றால் விடியுமுன்னும் இருட்டும்போதும் நடை வேண்டாம். புதரோரம் கம்பிச் சுருக்கைக் கண்டால் வனவிலங்குக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு சுருக்கில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கி, காப்பாற்ற முடியாமல் செத்துப் போனது.

கால் பழகிய பிறகு ஹோர்ட்டன் சமவெளி. 2,100 மீற்றருக்கு மேல், உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைச் சுற்றி வர ஏறக்குறைய 9 கிலோமீற்றர். காலை ஒன்பது பத்துக்குள் உலக முடிவுக்குப் போய்விட வேண்டும், பிந்தினால் பள்ளத்தாக்கை மூட்டம் மூடிவிடும், வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வழியில் மரைகள் கிட்ட வரும், தின்னக் கொடுக்காதீர்கள். ரயிலில் போனால் பட்டிப்பொலயிலோ ஒஹியவிலோ முதல் நாளே இறங்கித் தங்குவது நல்லது, இரவுக்கு ஒரு நாவலும் கார்ட் கட்டும் இருந்தால் குளிர் தெரியாது. ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் வாழையிலையில் சுற்றித் துணியில் முடியுங்கள். பொலித்தீனை வாயிலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.