சுகம் விசாரிக்கிற தலைவர்



நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் வேலை ஒரு சங்கிலி போன்றது. சக்கரத்தில் வாளிகள் பூட்டிய ராட்சத இயந்திரம் மேல்மண்ணை வாரும். கன்வேயர் பெல்ட் அதை அப்புறப்படுத்தும். அடியில் கிடைக்கும் கரி அனல்மின் நிலையத்துக்குப் போகும். நிலத்தடி நீர் பொங்கி வராதபடி பம்புகள் இரவும் பகலும் இறைக்கும். இதில் ஒருவருக்குத் தலை சுற்றினாலும், அவருக்கு முன்னும் பின்னும் நிற்கிற எல்லாருடைய வேலையும் தடைப்படும். ஆகவே தொழிலாளியின் சுகம் அவருடைய சொந்தக் காரியம் மட்டும் அல்ல. அது குழுவின் பலம்.

1956-ல் நிறுவனம் தொடங்கி, 1961-ல் முதன்முதல் கரி கண்ட ஊர் இது. டவுன்ஷிப்பில் நிறுவனமே பொது மருத்துவமனை நடத்துகிறது. சுரங்கத் தொழிலாளருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று 1955-ம் ஆண்டு சுரங்க விதிகளே வகுத்தன.

ஆனால் ஆஸ்பத்திரி இருப்பது வேறு. அங்கே போகவிடுவது வேறு. "நெஞ்சு கனக்கிறது சார்" என்பவரிடம், "ஷிப்ட் முடியட்டும்" என்கிற சூப்பர்வைசர் அன்றைய டன் கணக்கைக் காப்பாற்றலாம். மறுநாள் முதல் ஒருவரும் அவரிடம் உண்மை சொல்லமாட்டார்கள். களைப்பை மறைப்பார்கள், பின்பு இயந்திரக் கோளாறையும் மறைப்பார்கள். தினக்கூலிக்கு வருகிறவருக்கோ, டாக்டரைப் பார்க்கும் நாள் கூலி இல்லாத நாள்.

லூக்கா 7-ம் அதிகாரத்து நூற்றுக்கு அதிபதியைக் கவனியுங்கள். அவர் சொல்லுக்குக் கீழ்ப்படியும் வீரர்கள் அவருக்கு இருந்தார்கள். அவரோ வியாதியாய்க் கிடந்த தம் வேலைக்காரனுக்காக ஆள் அனுப்பி உதவி தேடினார். அதிகாரமும் அக்கறையும் ஒரே மனிதரிடம் இருந்தன.

இந்தப் பாடம் எங்களுக்கும் தேவைப்பட்டது. எங்கள் வார்டில் ஒரு சிஸ்டர் காய்ச்சலோடு நைட் டியூட்டி பார்த்தார். மாற்று ஆள் கேட்கக் கூச்சம். விடியற்காலையில், "மருந்தின் அளவு மனதில் நிற்கவில்லை" என்று அவரே வந்து சொன்னதால் நோயாளி தப்பினார். நாங்கள் அல்லவா முந்திக் கேட்டிருக்க வேண்டும்! இப்போது ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும், "சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, உடம்பு எப்படி?" என்று பொறுப்பாளர் கேட்கிறார். இரவுக்கு மாற்று ஆள் ஒருவரும் உண்டு. அவருடைய சம்பளத்தில் உங்கள் காணிக்கையும் இருக்கிறது.

சிந்திக்க: உங்கள் கீழ் வேலை செய்கிறவர் "இன்று என்னால் முடியவில்லை" என்று உங்களிடம் பயமின்றிச் சொன்னது கடைசியாக எப்போது?