லாத்வியாவின் 268 நாள் அமைச்சரவை

ஒப்பீட்டு அரசியல் பாடத்தின் இடுபணித் தலைப்புகளை எங்கள் விரிவுரையாளர் சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார். பக்கத்தில் இருந்த தோழிக்கு இந்தியா கிடைத்தது. பின் வரிசை நண்பனுக்கு இங்கிலாந்து. என் சீட்டில் ‘லாத்வியா, 2004’ என்று எழுதியிருந்தது. பால்டிக் கடலோரத்தில் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா என்று மூன்று நாடுகள் வரிசையாக இருக்கின்றன என்பது மட்டுமே அன்று எனக்குத் தெரியும். நடுவில் இருப்பது எது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

நடுவில் இருப்பதுதான் லாத்வியா. தலைநகர் ரீகா. 2004-ஆம் ஆண்டில் அங்கே மக்கள்தொகை ஏறக்குறைய 23 லட்சம். நாடாளுமன்றத்தின் பெயர் சாயிமா. அதில் 100 உறுப்பினர்கள். அந்த ஆண்டு மார்ச் 9-இல் இந்துலிஸ் எம்சிஸ் என்பவர் அங்கே பிரதமரானார். டிசம்பர் 2-இல் அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்தார். எண்ணிப் பார்த்தால் 268 நாள்.

எம்சிஸ் ஓர் உயிரியலாளர். 1990-களில் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தவர். பசுமைக் கட்சி ஒன்றிலிருந்து வந்து ஒரு நாட்டின் அரசாங்கத்துக்குத் தலைமை ஏற்ற முதல் மனிதர் என்று உலகச் செய்தித்தாள்கள் அவரை வரவேற்றன. நானும் அந்த வரியில்தான் என் குறிப்பேட்டைத் தொடங்கினேன். கொஞ்சம் தோண்டியதும் உற்சாகம் வடிந்தது. லாத்வியாவின் பசுமைக் கட்சி தனியாக நிற்கவில்லை. விவசாயிகள் சங்கத்தோடு சேர்ந்து ‘பசுமை விவசாயிகள் கூட்டணி’ என்ற பெயரில் நின்றது. அந்தக் கூட்டணியோடு கைகோத்திருந்தவர் வெண்ட்ஸ்பில்ஸ் நகரத் தலைவர் லெம்பெர்க்ஸ். வெண்ட்ஸ்பில்ஸ், ரஷ்ய எண்ணெயைக் கப்பலேற்றி வளர்ந்த துறைமுகம். மரத்தையும் எண்ணெயையும் ஒரே சின்னத்தில் வைத்துக்கொண்ட பசுமைக் கட்சி இது.

எம்சிஸ் எப்படி வந்தார் என்பதற்கு 2002 அக்டோபர் தேர்தலிலிருந்து தொடங்க வேண்டும். அதில் ஆறு அணிகள் சாயிமாவுக்குள் நுழைந்தன. ‘புதிய காலம்’ கட்சிக்கு 26 இடம்; ரஷ்ய மொழி பேசுவோரின் ஆதரவைப் பெற்ற ‘ஒன்றுபட்ட லாத்வியாவில் மனித உரிமைக்காக’ என்ற அணிக்கு 25; மக்கள் கட்சிக்கு 20; பசுமை விவசாயிகளுக்கு 12; போதகர்கள் சிலர் முன்னணியில் நின்றதால் ‘பாதிரியார் கட்சி’ என்று அழைக்கப்பட்ட லாத்வியாவின் முதல் கட்சிக்கு 10; தேசியவாதிகளின் ‘தாய்நாட்டுக்கும் விடுதலைக்கும்’ கட்சிக்கு 7.

இந்த எண்களைத் தாளில் எழுதிக் கூட்டியும் கழித்தும் பார்த்தால்தான் விஷயம் புரியும். பெரும்பான்மைக்கு 51 வேண்டும். ஆனால் 25 இடம் வைத்திருந்த ரஷ்ய மொழியினரின் அணியை எந்த லாத்விய கட்சியும் அமைச்சரவைக்குள் சேர்க்காது. அது எழுதப்படாத விதி. அதாவது 100-இல் 51 தேடுவதாக வெளியே சொன்னாலும் உண்மையில் 75-இல் 51 தேட வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல்! அந்த 75-உம் ஐந்து கட்சிகளிடம் சிதறிக் கிடந்தது. பத்து இடம் உள்ள கட்சி முகத்தைத் திருப்பினாலும் அரசாங்கம் ஆட்டம் காணும்.

அப்படித்தான் நடந்தது. மத்திய வங்கியின் தலைவராக இருந்து லாட்ஸ் நாணயத்துக்கு மதிப்புத் தேடித் தந்த எய்னார்ஸ் ரெப்ஷெ, ‘புதிய காலம்’ கட்சியைத் தொடங்கிய வேகத்திலேயே பிரதமரானார். பாதிரியார் கட்சி, பசுமை விவசாயிகள், தேசியவாதிகள் ஆகியோரோடு சேர்ந்து 55 இடம். மக்கள் கட்சியை வெளியே நிறுத்தினார். 2004-இன் தொடக்கத்தில் பாதிரியார் கட்சியின் ஷ்லெசெர்ஸைத் துணைப் பிரதமர் பதவியிலிருந்து நீக்கினார். அந்தக் கட்சி வெளியேறியது. 55-இல் 10 போனால் 45. பிப்ரவரி 5-ஆம் தேதி ரெப்ஷெ பதவி விலகினார்.

அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வருவேன்.

அதிபர் வைரா வீகெ-ஃபிரெய்பெர்கா, எம்சிஸை அமைச்சரவை அமைக்க அழைத்தார். பசுமை விவசாயிகள், மக்கள் கட்சி, பாதிரியார் கட்சி ஆகிய மூன்றும் சேர்ந்தன. தேர்தலில் இவை பெற்ற இடங்களைக் கூட்டினால் 42. இடையில் கட்சி மாறி வந்தவர்களைச் சேர்த்தும் 51-ஐத் தொடவில்லை. பிறகு எப்படி நம்பிக்கை வாக்குக் கிடைத்தது? ரஷ்ய மொழியினரின் அணி 2003-இல் உடைந்திருந்தது. அதிலிருந்து பிரிந்த யானிஸ் யூர்கான்ஸின் தேசிய நல்லிணக்கக் கட்சி வெளியிலிருந்து ஆதரவு தந்தது. கவனியுங்கள், வெளியிலிருந்துதான். கூரையைத் தாங்க ஆள் வேண்டும். ஆனால் வீட்டுக்குள் பாய் விரிக்க இடமில்லை.

புதிய அமைச்சரவைக்குத் தொடக்கம் என்னவோ அமர்க்களம்தான். பதவியேற்ற இருபதாம் நாள், மார்ச் 29-இல், லாத்வியா நேட்டோவில் சேர்ந்தது. மே 1-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஜூன் மாதம் ஐரோப்பியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியில் ஜெர்மனியோடு 0-0 சமநிலை. (என் காற்பந்துப் பைத்திய நண்பனுக்கு லாத்வியா பற்றித் தெரிந்த ஒரே செய்தி இதுதான்.) காற்பந்தை விடுங்கள், மற்ற இரண்டும் முந்தைய அரசாங்கங்கள் பத்தாண்டுக்கு மேல் உழைத்து விதைத்தவை. அறுவடை நாளில் களத்தில் நின்றவர் எம்சிஸ். வாக்காளர்களும் அதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். ஜூன் 12-இல் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் லாத்வியாவுக்கு இருந்த 9 இடங்களில் ஆளும் மூன்று கட்சிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதில் வென்றவர் வெளியுறவு அமைச்சர் ரிஹார்ட்ஸ் பீக்ஸ். வென்றதனால் அவரும் அமைச்சரவையை விட்டுப் போனார்!

அடுத்த அடி பிரஸ்ஸல்ஸிலிருந்து விழுந்தது. ஐரோப்பிய ஆணையத்தில் லாத்வியாவின் ஆணையராக இருந்தவர் சாண்ட்ரா கல்னியெட்டெ, ரெப்ஷெயின் வெளியுறவு அமைச்சர். நாடு கடத்தப்பட்ட பெற்றோருக்குச் சைபீரியாவில் பிறந்தவர். எம்சிஸ் அரசாங்கம் நவம்பரில் தொடங்கவிருந்த புதிய தவணைக்கு அவரை விட்டுவிட்டுத் தன் கூட்டணியைச் சேர்ந்த சாயிமா சபாநாயகர் இங்ரீடா ஊட்ரெயை முன்மொழிந்தது. அவருடைய கட்சியின் நிதி பற்றிக் கேள்விகள் எழுந்தன. ஐரோப்பிய நாடாளுமன்றம் ஏற்கெனவே இத்தாலியின் புத்திலியோனெமீது சினந்திருந்த நேரம். அக்டோபர் 27-இல் பரோசோ தம் முழு ஆணையர் பட்டியலையும் வாக்கெடுப்புக்கு விடாமல் திரும்பப் பெற்றார். பின்னர் லாத்வியாவின் சார்பில் ஊட்ரெக்குப் பதிலாக ஆண்ட்ரிஸ் பியெபால்க்ஸ் போனார்.

அக்டோபர் 27 புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை சாயிமா கூடியது. 2005-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. மக்கள் கட்சி எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து அதைத் தோற்கடித்தது. மக்கள் கட்சி என்றால் ஆளும் கூட்டணியின் மிகப் பெரிய கட்சி. அது மட்டுமா? அந்தத் திட்டத்தைத் தயாரித்த நிதியமைச்சர் ஸ்பூர்ட்சிஞ்ஷும் மக்கள் கட்சிக்காரர். சமைத்தவர் வீட்டாரே பானையைக் கவிழ்த்த கதை. முதலில் நான் தவறாகப் படித்துவிட்டேனோ என்று ஐயப்பட்டு இன்னும் இரண்டு இடங்களில் சரிபார்த்தேன். சரிதான்.

வரவு செலவுத் திட்டம் தோற்றால் அரசாங்கம் ஏன் போக வேண்டும்? நமக்கு இந்தக் கேள்வி புதியதில்லை. 2020 டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தில் 111-க்கு 108 என்று வரவு செலவுத் திட்டம் நிறைவேறியபோது வீட்டில் எல்லாரும் தொலைக்காட்சிமுன் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கலாம். செலவு செய்யப் பணம் பெற முடியாத பிரதமருக்கு அவையின் நம்பிக்கை இல்லை என்பது பொதுவான மரபு. லாத்வியாவில் இது ஊகத்துக்கு விடப்படவில்லை. சாயிமாவின் நடைமுறை விதிகளின்படி ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை நிராகரிப்பதே நம்பிக்கையில்லாத் தீர்மானம். பிரதமர் போனால் அமைச்சரவை முழுவதும் போகும். ஜெர்மனியில் இருப்பதுபோல ‘அடுத்த பிரதமர் யார் என்று சொல்லிவிட்டு இவரை இறக்குங்கள்’ என்ற கட்டாயமும் இல்லை.

சரி, இறக்குவது சுலபம். ஆனால் இறக்கியவர்களுக்குத் தேர்தல் பயம் வராதா? நம் ஊரில் அரசாங்கம் ஆடினால் உடனே ‘நாடாளுமன்றம் கலைக்கப்படுமா’ என்றுதான் கேட்போம். இந்த இடத்தில்தான் லாத்விய அரசியலமைப்பு எனக்குச் சுவையாகப்பட்டது. அது 1922-இல் எழுதப்பட்டது; சோவியத் காலத்துக்குப் பிறகு 1993-இல் முழுமையாக மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பிரதமரால் சாயிமாவைக் கலைக்க முடியாது. அதிபர் கலைக்க விரும்பினால் மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும். மக்கள் ‘வேண்டாம்’ என்றால் பதவி போவது அதிபருக்கு! எந்த அதிபர் துணிவார்? 2011-இல் சாட்லெர்ஸ் ஒருவர் துணிந்தார். மக்களும் பெருவாரியாக ஆதரித்தனர். அதற்குமுன் யாரும் செய்ததில்லை. ஆகவே 2004-இல் சாயிமா உறுப்பினர் ஒருவர் தம் அரசாங்கத்தைக் கவிழ்த்தாலும் 2006 வரை அவர் நாற்காலி பத்திரம். 1993 தேர்தலுக்குப் பின் அமைந்தவற்றில் எம்சிஸின் அமைச்சரவை பத்தாவது என்பதற்கு லாத்வியர்களின் குணத்தைக் காரணம் காட்டும் கட்டுரைகளை வாசித்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. விதி அப்படி இருந்தால் எந்த ஊர்க்காரரும் அப்படித்தான் நடப்பார்.

என் முதல் வரைவில் ‘நிலையற்ற அரசாங்கம், பலவீனமான நாடு’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதை அடித்துவிட்டேன். பதினோராண்டில் பத்து அமைச்சரவைகளைக் கண்ட இந்த நாடுதான் அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றி உள்ளே போனது. யார் பிரதமர் என்பதில் சண்டையிட்ட லாத்விய கட்சிகள், நாடு எந்தத் திசையில் போக வேண்டும் என்பதில் பெரும்பாலும் சண்டையிடவில்லை. அமைச்சரவை மாறினாலும் அமைச்சர்கள் பலர் அதே முகங்கள்தாம். நிதியமைச்சர் ஸ்பூர்ட்சிஞ்ஷ் அடுத்த அரசாங்கத்திலும் நிதியமைச்சராகவே தொடர்ந்தார்.

திசையைப் பற்றிச் சண்டையிட விரும்பியவர்கள் வெளியே இருந்தார்கள். இப்போது பிப்ரவரி 5-க்கு வருகிறேன்.

ரெப்ஷெ விலகிய அதே நாளில் சாயிமா கல்விச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. செப்டம்பர் 1-இலிருந்து, பத்தாம் வகுப்பில் தொடங்கி, ரஷ்ய மொழி இடைநிலைப்பள்ளிகளில் ஐந்தில் மூன்று பங்குப் பாடங்களை லாத்விய மொழியில் நடத்த வேண்டும். 1998-ஆம் ஆண்டுச் சட்டம் முழுவதையுமே லாத்விய மொழிக்கு மாற்றச் சொல்லியிருந்தது. இது அதிலிருந்து இறங்கி வந்த ஏற்பாடு. இருந்தும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் ரீகாவின் தெருக்களில் இறங்கினார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். அவர்களின் பெற்றோர் பலருக்கு வாக்குரிமையே இல்லை. அன்று நாட்டில் ஐந்தில் ஒருவர் குடியுரிமை பெறாதவர்.

இந்தப் பகுதியை வாசித்தபோது நான் நடுநிலையாக இருந்தேன் என்று சொன்னால் பொய். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு ‘ஒளிச்சேர்க்கை’ என்று படித்துவிட்டு, படிவம் ஒன்றில் அதே செடியைப் பார்த்து ‘ஃபோட்டோசிந்தெசிஸ்’ என்று மலாய் உச்சரிப்பில் சொல்லத் திணறியவள் நான். முதல் மூன்று மாதம் கை தூக்கவே இல்லை. ஆனாலும் அவர்கள் கதையும் என் கதையும் ஒன்றல்ல. லாத்விய மொழி சோவியத் ஆட்சியில் தன் சொந்த மண்ணிலேயே ஒதுக்கப்பட்ட மொழி. 1989-இல் அந்நாட்டு மக்களில் லாத்வியர் ஏறக்குறையப் பாதிப் பேர்தாம். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. என் வருத்தம் வேறு. எம்சிஸின் அரசாங்கம் யூர்கான்ஸ் கட்சியின் கையைப் பிடித்துத்தான் நின்றது. அந்தக் கட்சிக்கு வாக்களித்த வீடுகளின் பிள்ளைகளைத் தொட்ட சட்டம் அதே அரசாங்கத்தின் கண்முன், குறித்த நாளில், செப்டம்பர் 1-இல், நடைமுறைக்கு வந்தது. ஆதரவு கொடுத்தவர்கள் கேட்டுப் பெற்றது என்ன என்று தேடினேன். பள்ளி விஷயத்தில் ஒன்றும் கண்ணில் படவில்லை. 2005 மே மாதம் அரசியலமைப்பு நீதிமன்றமும் சட்டத்தின் அடிப்படையை ஏற்றுக்கொண்டது. 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 2023 செப்டம்பரிலிருந்து படிப்படியாக எல்லாப் பாடங்களையும் லாத்விய மொழிக்கு மாற்றியது.

டிசம்பர் 2-இல் பிரதமரானவர் ஆய்கார்ஸ் கால்வீட்டிஸ். எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? மக்கள் கட்சிதான். அவருடைய நான்கு கட்சிக் கூட்டணியில் ரெப்ஷெயின் ‘புதிய காலம்’ இருந்தது; அதைக் கவிழ்த்த பாதிரியார் கட்சி இருந்தது; கவிழ்க்கப்பட்ட பசுமை விவசாயிகளும் இருந்தார்கள். அவர் தலைமையிலான ஆட்சி மூன்றாண்டு நின்றது. 2006 தேர்தலிலும் வென்றது. எம்சிஸ் அந்தத் தேர்தலுக்குப் பின் சாயிமாவின் சபாநாயகரானார்.

இடுபணி திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் விரிவுரையாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘75-இல் 51 என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாமே?’