கேட்டு வந்தார்கள், இல்லையென்று அனுப்பினோம்

"அவருக்கு அதிர்ஷ்டம், தொட்டதெல்லாம் துலங்குகிறது" என்று பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சொல்லாத வியாபாரி குறைவு. நானும் அப்படிச் சொன்னவன்தான்.

தேடாமல் கிடைக்கும் நன்மைக்கு ஆங்கிலத்தில் 'செரண்டிப்பிட்டி' என்பார்கள். அந்தச் சொல் எங்கள் நாட்டின் பெயரில் பிறந்தது. அரபு வணிகர்கள் இலங்கையை 'ஸரந்தீப்' என்று அழைத்தார்கள். ஸரந்தீபின் மூன்று இளவரசர்கள் பற்றிய பாரசீகக் கதையை வைத்து, ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754ஆம் ஆண்டு ஒரு கடிதத்தில் இச்சொல்லை உருவாக்கினார். வழியோரப் புல் ஒரு பக்கம் மட்டும் மேயப்பட்டிருந்ததைக் கவனித்து, முன்னே போன ஒட்டகத்துக்கு ஒரு கண் தெரியாது என்று சொன்னவர்கள் அந்த இளவரசர்கள். ஆகவே வால்போல் சொன்ன பொருளில் இரண்டு பாதி உண்டு: தற்செயல், கூர்மதி. நாம் இரண்டாவதை மறந்துவிட்டோம்.

நான் துணிக்கடை தொடங்கி இரண்டாவது வருடம். மாத முடிவில் இரண்டு காசோலைகளுக்குப் பணம் போட வேண்டும். கல்லாவில் காசில்லை. அந்த நேரம் பார்த்து, நான் கேட்ட திரைச்சீலைத் துணிக்குப் பதிலாக நுளம்பு வலைத் துணி லொறியில் வந்து இறங்கியது. கோபத்தில் திருப்பி ஏற்றச் சொன்னேன். கடைப் பையன் மெதுவாகச் சொன்னான்: "முதலாளி, இந்த மாசம் ஆறு பேர் நுளம்பு வலை கேட்டு வந்தாங்க. இல்லையெண்டு அனுப்பினோம்."

மொத்த வியாபாரியிடம் விடயத்தைச் சொல்லி, விலை பேசி வைத்துக்கொண்டேன். பத்து நாளில் விற்று முடிந்தது. காசோலைகள் திரும்பவில்லை.

சாமான் மாறி வந்தது தற்செயல். ஆறு பேரும் என் முன்னால்தான் கேட்டார்கள். எனக்கு ஒருவர்கூட நினைவில் இல்லை, பையனுக்கு இருந்தது. அதுதான் கூர்மதி.

அன்று முதல் மூன்று பழக்கங்களைப் பிடித்தேன்.

ஒன்று, கேட்டு வந்து கிடைக்காத சாமானை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, மாத முடிவில் வாசிப்பது.

இரண்டு, வேறு தொழில் செய்பவரோடு வாரத்தில் ஒரு தடவையாவது இருந்து பேசுவது. எங்கள் தொழிலில் உள்ளவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் எங்களுக்கும் தெரியும்.

மூன்று, புதிய சாமானைச் சிறிதாக வாங்கிப் பார்ப்பது. கொப்பியை நம்பி வாங்கிய வெல்வெட் துணி இரண்டு வருடம் தட்டில் கிடந்தது. ஒரு சுருள் என்பதால் தாங்கினேன்.

நஸீப் அல்லாஹ்வின் கையில். வந்ததைக் கவனிப்பது எங்கள் வேலை. நாளை கடை திறக்கும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வையுங்கள்.