மோர்ஸ் தெரியாத ஹாம்

அன்புள்ள தென்றல்,

ஹாம் ரேடியோ உரிமத்துக்குப் படிக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மோர்ஸ் குறியீடு தெரியாதவர் ஹாமே இல்லை என்று யாரோ ஒரு பெரியவர் சொன்னதில் நீ சோர்ந்துபோயிருப்பதாகவும் சொன்னாள். அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் அப்படி நினைப்பதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு நீயே முடிவெடு.

1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது உதவி கேட்டது மோர்ஸில்தான். அதே ஆண்டு அமெரிக்கா கொண்டுவந்த வானொலிச் சட்டம், அமெச்சூர்களும், அதாவது ஹாம்களும், உரிமம் பெற வேண்டும் என்றது. அந்தக் காலத்தில் வானொலியில் பேச்சு அரிது; தட்டித்தான் அனுப்ப வேண்டும். கப்பல், கடற்கரை நிலையம், மாடியறையில் கருவி வைத்திருக்கும் பள்ளிப் பையன் என எல்லோருக்கும் பொதுவான அலைவெளி. ஆபத்து அழைப்பு வருகிறது, நீ நிறுத்து என்று கரையிலிருந்து தட்டினால் அந்தப் பையனுக்குப் புரிந்தாக வேண்டும். மோர்ஸ் கட்டாயமானதற்கு அடிப்படை இதுதான். ஒருவர் பொறுமைசாலியா, தகுதியானவரா என்று சோதிக்க யாரும் அதை வைக்கவில்லை. பிற்காலத்துச் சண்டையில் பலரும் மறந்துவிட்டது இதைத்தான்.

30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது கண்டம் தாண்டிப் போகும் அலைகளில், இயங்க விரும்பும் அமெச்சூருக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்று சர்வதேச விதியே இருந்தது. அமெரிக்காவில் உச்சநிலை உரிமத்துக்கு நிமிடத்துக்கு 20 சொல் வேகம் கேட்டார்கள். 1991-இல் மோர்ஸ் இல்லாத தொடக்கநிலை உரிமம் வந்தது. 2000-இல் மற்ற எல்லா நிலைக்கும் 5 சொல் போதும் என்றார்கள். இடையே 1999 பிப்ரவரி 1 முதல் கப்பல்கள், செயற்கைக்கோளும் தானியங்கி அழைப்பும் கொண்ட புதிய பாதுகாப்பு முறைக்கு முழுதாக மாறிவிட்டன. ஆபத்து அழைப்பே மோர்ஸில் வராதபோது அதைப் புரிந்துகொள்ளத் தேர்வு எதற்கு? 2003-இல் ஜெனீவாவில் கூடிய உலக மாநாடு, அந்தந்த நாடே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டது. பிரிட்டனும் ஜெர்மனியும் அதே ஆண்டு கைவிட்டன. அமெரிக்கா 2007 பிப்ரவரி 23 முதல்.

மோர்ஸ் கட்டாயத்தை நீக்குவதை எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அவர்கள் சொன்ன ஒரு காரணம் அறிவியல்படி சரியானது. பேச்சுக்கு ஏறத்தாழ 2,500 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 ஹெர்ட்ஸ் அளவே போதும். முழுத் திறனும் குறுகிய இடத்தில் குவிவதால், பேச்சு இரைச்சலில் கரைந்துபோகும் இடத்திலும் மோர்ஸ் கேட்கும். 5 வாட்டில் கடல் கடந்து பேசலாம். கருவியும் எளிது, நாமே பற்றவைத்துச் செய்துவிடலாம். ஆனால் 2017-இல் எஃப்டி8 என்ற கணினிவழித் தொடர்பு முறை வந்தது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜோ டெய்லர், 1993-இல் இயற்பியலுக்கு நோபல் பெற்றவர். காதுக்கே எட்டாத சமிக்ஞையையும் கணினி அதில் பிரித்தெடுத்துவிடுகிறது. அதற்காக எஃப்டி8-ஐத் தேர்வில் கட்டாயமாக்கு என்று யாரும் கேட்கவில்லையே!

இன்னொரு வாதம், மோர்ஸ் ஒரு சல்லடை, அது இல்லாவிட்டால் கண்டவர்களும் நுழைவார்கள் என்பது. எனக்கு இது பிடிக்கவே இல்லை. நிமிடத்துக்கு 20 சொல் பிடிப்பவரும் அடுத்தவர் பேச்சில் குறுக்கே விழலாம். காது மந்தமானவர் மின்னணுவியலில் கெட்டிக்காரராக இருக்கலாம். அலைவெளியில் நாகரிகமாக நடந்துகொள்ள வேண்டுமென்றால் அதைப் பற்றிக் கேள்வி கேட்கட்டும்.

நம் இந்திய விதிகளைத் திருத்தியபோது இரண்டு நிலைகள் வைத்தார்கள். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் வேண்டாம். 50 வாட் வரைதான். ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். 400 வாட் வரை போகலாம். ஜெனரலுக்கு எழுத்துத் தேர்வும் கடினம், அது நியாயம். 400 வாட் கருவியைக் கையாள மின்சாரமும் ஆன்டெனாவும் பாதுகாப்பும் தெரிய வேண்டும். மோர்ஸ் தெரிந்தவரை மின்சாரம் விட்டுவைக்குமா என்ன?

கட்டாயம் போனால் மோர்ஸ் செத்துவிடும் என்ற பயமும் பொய்த்துவிட்டது. ஒரு போட்டி வார இறுதியில் 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் தொடக்கத்தைத் திருப்பிப் பார், இடமே இருக்காது. ஜெர்மனி 2014-இல் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆகவே கட்டாயம் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் நீ கற்றுக்கொள். அது தரும் சந்தோஷம் தனி. புள்ளி, கோடு போட்ட அட்டவணையை மட்டும் தொடாதே. கண்ணால் படித்தவர்கள் ஒவ்வொரு எழுத்துக்கும் மனதுக்குள் புள்ளி எண்ணி எண்ணி, வேகம் கூடும்போது நின்றுவிடுவார்கள். ஒலியாகவே கேள்: ஏ என்றால் 'டி-டா', அவ்வளவுதான். எழுத்தை 20 சொல் வேகத்திலேயே ஒலிக்கவிட்டு, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை மட்டும் கூட்டிக்கொள். இரண்டே எழுத்தில் தொடங்கு. பத்துக்கு ஒன்பது சரியாக வந்தபிறகு மூன்றாவதைச் சேர். தினம் கால் மணி நேரம் போதும்.

முதலில் ரெஸ்ட்ரிக்டட் எழுதிவிடு, தென்றல். மோர்ஸுக்காக உரிமத்தைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
மாமா