பள்ளியில் வேளாண்மைப் பாடம்: பட்டத்தை ஒட்டித் திட்டமிடுவோம்

தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கப்பெற்றது. அதில் வேளாண்மையும் ஒரு பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். நிலக்கடலைக்கு இடவேண்டிய ஜிப்சத்தின் அளவை ஒரு மாணவன் பிழையின்றிச் சொன்னான். "உங்கள் கொல்லையில் எப்போது இட்டீர்கள்?" என்று கேட்டேன். "இடவில்லை ஐயா. இந்தப் பாடம் தை மாதம்தான் நடந்தது. அப்பா ஐப்பசியிலேயே கடலை பறித்துவிட்டார்" என்றான்.

குறை மாணவனிடம் இல்லை. பாடம் வகுத்த முறையில் உள்ளது. புத்தகத்தின் வரிசையை விட்டு, பயிரின் வரிசையில் பாடத்தை அமைத்தல் வேண்டும். 5 சென்ட் நிலம் இதற்குப் போதும். இது ஏறக்குறைய ஓர் எக்டேரில் 50-இல் ஒரு பங்கு. எக்டேர் அளவை 50-ஆல் வகுத்தால் இடுபொருளின் அளவு கிடைக்கும். மாணவர்களுக்கு இது நல்ல கணக்குப் பயிற்சி.

ஆடிப்பட்ட நிலக்கடலைக்கான பாடத்திட்டம் வருமாறு:

ஜூன்: 15 செ.மீ. ஆழத்தில் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அரை கிலோ மாதிரி அனுப்புதல். 100 விதைகளை முளைக்க வைத்து எண்ணுதல். 70-க்குக் குறைந்தால் அவ்விதை வேண்டாம்.

ஜூலை: 2.5 கிலோ விதைப் பருப்புடன் 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, 30 செ.மீ. வரிசையில் 10 செ.மீ. இடைவெளியில் விதைத்தல்.

ஆகஸ்ட், செப்டம்பர்: விதைத்த 40 முதல் 45 நாட்களில், மண்ணில் ஈரம் உள்ளபோது 8 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தல். அதன்பின் விழுதுகள் மண்ணில் இறங்குவதால் செடியை அசைக்கலாகாது.

அக்டோபர், நவம்பர்: காயின் ஓட்டை உடைத்து உட்புறம் கருத்துள்ளதா எனப் பார்த்து அறுவடை செய்தல். மகசூலை நிறுத்து வரவு செலவு எழுதுதல்.

பூச்சிக்கொல்லி தெளிக்கும் வேலையை மட்டும் மாணவர்களிடம் விடக்கூடாது. செய்முறை மதிப்பெண்ணில் ஒரு பங்கை, மாணவர் வாரந்தோறும் எழுதும் வயல் குறிப்பேட்டிற்கு ஒதுக்குவது நலம்.

விவசாயப் பெருமக்கள் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பள்ளி திறக்குமுன் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் உங்கள் ஊரின் பட்டத்தையும் பயிரையும் எடுத்துச் சொல்லுங்கள். பள்ளியில் இடமில்லை எனில், அருகில் நிலம் உள்ளவர் ஒரு பட்டத்திற்கு 5 சென்ட் கொடுத்து உதவலாம். காலையில் கற்றதை மாலையில் பிள்ளை நம் கொல்லையில் செய்து பார்க்கட்டும். அப்போதுதான் அந்தப் படிப்பு வீடு வந்து சேரும்.